மொரியாசு: ஆறாம் நம்பரிலிருந்து கோச் வரை. சேலம் கிரவுண்டுக்கு எதை எடுக்கலாம்?

கன்னங்குறிச்சி ஆறு (கேள்வி)

வணக்கம். ஜப்பான் கோச் ஹஜிமே மொரியாசு பத்தி தமிழ்ல தேடினா "ஜெர்மனியைச் சாய்ச்ச மாயக்காரர்" ரகத் தலைப்புதான் வருது. வேலைக்கு உதவற மாதிரி மூணு விஷயம் தெரியணும்.

டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரா (அதான் ஆறாம் நம்பர்) ஆடினவர் 2004-ல ஓய்வு, 2012-ல ஹிரோஷிமா கிளப்புக்குத் தலைமை கோச். நடுவுல எட்டு வருஷம் என்ன செஞ்சார்? ரெண்டாவது, அரைநேரத்துல 4-2-3-1-ஐ (பின்னாடி நாலு பேர்) 3-4-2-1 (பின்னாடி மூணு பேர்) ஆக்குறார் இல்லையா, அதை ஒரு காலேஜ் டீமுக்கு எந்த வரிசையில சொல்லிக்கொடுக்கறது, எங்க உடையும்? ஸ்க்வாட் 18 பேர், வாரம் மூணு சாயங்காலம், செம்மண் கிரவுண்ட், ஒரு டச்லைன் பக்கம் சரிவு. எதிர்ல வர்ற மாவட்ட டீம்கள்ல பாதிக்கு மேல லாங் பால்தான். மூணாவது, ஆட்டத்திலிருந்து கோச்சிங்குக்கு வர்றவங்களுக்கு இங்க லைசென்ஸ் வழி எப்படி?

உலகக் கோப்பை கோல் வீடியோ லிங்க் எல்லாம் வேண்டாம், பார்த்தாச்சு.

சூரமங்கலம் ஸ்டாப்பர்

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். ஃபார்மேஷனுக்கு வேற ஆள் வருவாங்க.

ஆட்டக்காரரா அவர் யாருன்னு தெரியாம கோச்சிங்கைப் புரிஞ்சுக்க முடியாது. 1968-ல பிறந்தவர், வளர்ந்தது நாகசாகி. 1987-ல ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனி அணிக்கு வந்தார். அப்ப அங்க தொழில்முறை லீக் கிடையாது. சென்னையில ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் டீம்கள் மாதிரி கம்பெனி டீம்தான். 1993-ல ஜே லீக் வந்தப்ப அந்த அணிதான் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆச்சு. மின்னல் வேகம் இல்ல, உயரம் சுமார் 174 செ.மீ., கோல் அடிக்கறவரும் இல்ல. எதிராளி பாஸ் எங்க போகப் போகுதோ அங்க ரெண்டு அடி முன்னாடியே போய் நிக்கிறது, பறிச்ச பந்தை ஒரே டச்சுல பக்கத்து ஆளுக்குக் கொடுக்கறது, அவ்வளவுதான் ஆட்டம். மாஸ்டாவுக்கு முன்னாடி கோச்சா இருந்த ஹான்ஸ் ஊஃப்ட் தேசிய அணிக்கு வந்ததும் 1992-ல இவரைக் கூப்பிட்டார். பேர் தெரியாத ஆளைக் கூப்பிட்டுட்டாரேன்னு அப்ப எல்லாரும் முழிச்சாங்க. மொத்தம் 35 சர்வதேச ஆட்டம், 1 கோல்.

1993 அக்டோபர் 28, தோஹா. ஈராக்குக்கு எதிரா 2-1 முன்னிலை, அப்படியே முடிஞ்சிருந்தா ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. இஞ்சுரி டைம்ல ஈராக் கார்னரை நேரா தூக்கிப் போடாம ஷார்ட்டா ஆடினாங்க. ஜப்பானோட மியுரா ஓடிப்போய்க் காலை நீட்டியும் கிராஸை நிறுத்த முடியலை, ஓம்ரான் ஹெட் பண்ணி 2-2. மொரியாசு அன்னிக்கு உள்ளே ஆடிட்டு இருந்தார். கடைசி நிமிஷங்களை எப்படிக் காக்கறதுங்கிற கேள்வி அதுக்கப்புறம் அவரை விடவே இல்லைன்னு நினைக்கிறேன். கோச்சா அவர் எடுத்த பல முடிவுகள்ல அந்த ஜாக்கிரதை தெரியும். சில சமயம் அளவுக்கு மீறியும் தெரியும்.

1998-ல கியோட்டோவுக்கு லோன், 2002-03 வேகால்டா செண்டாய், 2004 தொடக்கத்துல ஓய்வு.

இப்ப அந்த எட்டு வருஷம். ஹிரோஷிமாவுல பயிற்சிக் குழுவில் கீழ்நிலை வேலை, 20 வயசுக்குட்பட்ட ஜப்பான் அணியில் உதவி கோச் (2007-ல கனடாவில் நடந்த உலகக் கோப்பைக்குப் போன அணி), பிறகு ஹிரோஷிமா முதல் அணியில் தலைமை கோச் மிஹைலோ பெட்ரோவிச்சுக்கு உதவி, 2010-லயும் 2011-லயும் அல்பிரெக்ஸ் நிகாட்டாவில் உதவி. ஒரு இடத்துலகூட முதல் நாற்காலி இல்ல. ஆனா பெட்ரோவிச்சோட 3-4-2-1-ஐ உள்ள இருந்து பார்த்தார். பந்து நம்மகிட்ட இருக்கும்போது ஒரு பிவட் (நடுவுல நிக்கிற ரெண்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்ல ஒருத்தர்) சென்டர்பேக்குகளுக்கு நடுவுல இறங்குவார், விங்பேக் (ஓரம் முழுக்க ஏறி இறங்குற ஆள்) ரெண்டு பேரும் மேல ஏறி முன்வரிசையில் அஞ்சு பேர். பந்து போனா 5-4-1. அழகான ஆட்டம், ஆனா கோல் வாங்கும். 2011 லீக்ல ஹிரோஷிமா 34 ஆட்டத்துல 49 கோல் வாங்கிச்சு.

2012-ல பெட்ரோவிச் உராவாவுக்குப் போனார், மொரியாசு வந்தார். புதுசா ஒரு சிஸ்டம் கொண்டு வரலை. முன்னாடி அஞ்சு பேர் ஏறுறதை அப்படியே வச்சுக்கிட்டு, பந்து போன அடுத்த அஞ்சு வினாடியில் யார் துரத்துறது யார் பின்வாங்குறதுங்கிறதை மட்டும் இறுக்கினார். 2012-ல வாங்கினது 34, 2013-ல 29. ரெண்டு வருஷமும் சாம்பியன். 2012-ல சாட்டோ ஹிசாட்டோ 22 கோல். 2013-ல கடைசி நாள்ல இவங்க காஷிமாவை 2-0 ஜெயிக்க, முன்னிலையில் இருந்த யோகோஹாமா எஃப்.மரினோஸ் தோத்ததால கோப்பை கைக்கு வந்துச்சு. 2015-ல மூணாவது பட்டம், அந்த டிசம்பர்லயே கிளப் உலகக் கோப்பையில் சீனாவோட குவாங்சோவை 2-1 வீழ்த்தி மூணாவது இடம். நல்ல ஆளுங்களை உராவா மாதிரிப் பணக்கார கிளப்கள் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருந்தப்ப இதைச் செஞ்சார்ங்கிறதைச் சேர்த்துப் பார்க்கணும்.

2017-ல அதே அணி தரவரிசை அடியில கிடந்தப்ப ஜூலையில விலகினார். அக்டோபர்லயே டோக்கியோ ஒலிம்பிக் அணிப் பொறுப்பு. 2018 உலகக் கோப்பைக்கு நிஷினோவுக்கு உதவி கோச், அது முடிஞ்சதும் தேசியத் தலைமை கோச். அடுத்த மூணு வருஷம் ஒலிம்பிக் அணியும் சீனியர் அணியும் ஒரே கையில். அதனால 2022 ஆடினவங்கள்ல பலபேரை அவங்க பொடியன்களா இருந்த காலத்திலிருந்தே அவர் அறிவார். அதுதான் பலருக்கும் தெரியாத அனுகூலம்.

டச்லைன் நோட்டு

ரெண்டாவது கேள்வி. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

முதல்ல 2022 உலகக் கோப்பை ஜெர்மனி ஆட்டத்துல உண்மையில என்ன மாறிச்சுன்னு பார்ப்போம். முதல் பாதி 4-2-3-1. ஜெர்மனி லெஃப்ட்பேக் டேவிட் ராவும் மேலேயே ஏறி நின்னார், ஜப்பானோட ரைட் பக்கம் ரைட்பேக் சகாய் உள்ளே இழுபட்டார், வெளியில ராவும் தனியா. பெனால்டி வந்ததும் அவர் வழியாத்தான். நாலு பேர் வரிசை அஞ்சு பேர் தாக்குதலை அகலத்துல மூட முடியலை, அவ்வளவு எளிமையான கணக்கு. அரைநேரத்துல விங்கர் கூபோ வெளியே, டிஃபென்டர் டோமியாசு உள்ளே. பின்னாடி மூணு, பக்கத்துக்கு ஒரு விங்பேக். அகலத்துல ஆளுக்கு ஆள் சரியாச்சு. அதுக்கப்புறம் 57-ஆவது நிமிஷத்துல நாகாடோமோவுக்குப் பதிலா மிட்டோமா, மயேதாவுக்குப் பதிலா அசானோ. 71-ல டோஆன். 75-ஐ ஒட்டி சகாய்க்கு மினாமினோ, ஜூன்யா இட்டோ விங்பேக்குக்கு இறங்கினார். முதல்ல ஓட்டையை அடைச்சுட்டு, பிறகு அதே கட்டத்துக்குள்ள தற்காப்பு ஆளை எடுத்துத் தாக்கற ஆளைப் போட்டார். 75-ல டோஆன் கோல், 83-ல அசானோ கோல். வரிசையைத் தலைகீழாக்கி முதல்லயே மிட்டோமாவை இறக்கியிருந்தா ராவும் பக்கம் இன்னும் ரெண்டு கோல் போயிருக்கும்.

இதுல நீங்க எடுக்க வேண்டியது டோமியாசு வேலைதான். மாற்று ஆளை வீணாக்காமலே அதைச் செய்யலாம். உங்க ரைட்பேக் ஹெட்டிங் ஆடுவாரா, ஒண்ணுக்கு ஒண்ணு நிப்பாரா? அப்படின்னா அவர் வலது சென்டர்பேக் ஆகட்டும். ரைட் விங்கர் ரைட் விங்பேக், லெஃப்ட்பேக் லெஃப்ட் விங்பேக், பத்தாம் நம்பரும் (4-2-3-1-ல ஸ்ட்ரைக்கருக்கு நேர் பின்னால ஆடுறவர்) லெஃப்ட் விங்கரும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால ரெண்டு உள் ஆளுங்க. ஆறு பேர் இடம் அப்படியே இருக்கு, அஞ்சு பேர் நகர்றாங்க. ரைட் விங்கர் பின்வாங்கி ஓட மறுக்கிற ஆள்னா இந்த மாற்றத்தையே தொடாதீங்க. நம்ம பக்கம் முக்காவாசி டீம்ல இது அங்கதான் சாகுது.

சொல்லிக்கொடுக்கிற வரிசை. முதல் செஷன்ல பந்தே வேண்டாம். கிரவுண்ட் அகலத்தை அஞ்சு பட்டையா கோன் வச்சுப் பிரிங்க. 68 மீட்டர்னா ஒரு பட்டை 13, 14 மீட்டர். நம்ம கிரவுண்ட் பெரும்பாலும் 60 தான், அப்ப 12. பத்து பேரும் 5-4-1 நிக்கட்டும். அஞ்சு பேர் வரிசைக்கும் நாலு பேர் வரிசைக்கும் 10-லிருந்து 12 மீட்டர், ஸ்ட்ரைக்கர் அதுக்கு முன்னாடி 8-லிருந்து 10. நீங்க கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பட்டையைக் காட்டுங்க, பந்து அங்க இருக்குன்னு வச்சு எல்லாரும் நகரணும். பத்து நிமிஷம், மூணு தடவை, அதுக்கு மேல பசங்க தூங்கிடுவாங்க. அடுத்த செஷன்ல எட்டு பேர் எதிர்ல, ஆனா பாஸ் கையால எறியணும். கையால எறிஞ்சா பந்து மெதுவாப் போகும், தற்காக்கிறவங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். மூணாவது செஷன்லதான் கால்.

ஒரே ஒரு விதியை நூறு தடவை சொல்லுங்க. எதிராளி ஃபுல்பேக்குக்குப் பந்து *போய்க்கிட்டு இருக்கும்போதே* விங்பேக் பாயணும், சேர்ந்தபிறகு இல்ல. அவர் பாயும்போது அந்தப் பக்கத்து சென்டர்பேக் வெளிப்பட்டைக்குச் சரியணும், நடு சென்டர்பேக் நடுப்பட்டையை விட்டு நகரவே கூடாது, எதிர்ப்பக்க விங்பேக் உள்ளே வந்து நாலாவது டிஃபென்டர் ஆகணும். "போ"ன்னு கத்தறது விங்பேக்கோ கோச்சோ இல்ல, பின்னாடி இருக்கிற சென்டர்பேக். அவர் தயாரா இருந்தாத்தான் முன்னாடி ஆள் கிளம்பணும். இதை மாத்தி வச்ச டீம்கள்ல விங்பேக் பாய்வார், பின்னாடி யாரும் வரமாட்டாங்க, லைன் ஓரமா ஒரு பாஸ், கதை முடிஞ்சது.

உடையற மத்த இடங்கள். ரெண்டு உள் ஆளுங்களும் பந்து இருக்கிற பக்கமே ஓடிடுவாங்க, அப்ப எதிராளியோட ஆறாம் நம்பர் சும்மா நின்னு பக்கம் மாத்துவார். ரெண்டு பிவட்டுக்கும் நடுவுல 12 மீட்டருக்கு மேல இடைவெளி விழுந்தா சென்டர்பேக் முன்னாடி வர ஆரம்பிப்பார், அதோட மூணு பேர் வரிசை கலைஞ்சுடும். களைச்சுப்போன பிறகு விங்பேக் வெளியவே நிப்பார், அஞ்சு மூணு ஆகும்.

மாத்துற பயிற்சிக்கு 11-க்கு 11 இருபது நிமிஷம் 4-2-3-1 ஆடவிட்டு ஒரு விசில். 15 வினாடியில் எல்லாரும் புது இடத்துல நிக்கணும், உடனே எதிராளிக்குப் பந்து கொடுத்து ஆட்டம் தொடரணும். 18 பேர்தான்னா 9-க்கு 9 ஆடி, உள் ஆளு ரெண்டையும் விட்டுடுங்க. மூணு வாரம் போதும், ஒன்பது செஷன். அதுக்கு முன்னாடி போட்டியில இறக்காதீங்க.

அரைநேரத்துல காந்தப் பலகையில் அஞ்சு பேரை மட்டும் நகர்த்திக் காட்டுங்க. முழுப் பலகையையும் கலைச்சா அஞ்சாவது நிமிஷத்துல யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மொரியாசு டச்லைன்ல நின்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பார் பாருங்க, அது ஸ்டைல் இல்ல. 20-ஆவது நிமிஷத்துல பார்த்தது 45-ல வாயில வரணும்னா எழுதித்தான் ஆகணும். நிமிஷம், எந்தப் பட்டை, யார், இந்த மூணையும் எழுதினாப் போதும்.

ஏற்காடு விங்பேக்

டச்லைன் நோட்டு சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேர்க்கணும். கத்தார்ல ஜெயிச்ச 3-4-2-1 வேற, 2024-க்கு அப்புறம் ஆடுற 3-4-2-1 வேற. பேர் ஒண்ணா இருக்கிறதால எல்லாரும் குழப்பிக்கிறாங்க.

ஸ்பெயினை 2-1 ஜெயிச்சப்ப ஜப்பான்கிட்ட பந்து இருந்தது 17.7 சதவீதம். மூணு சென்டர்பேக்கும் அரைநேரத்துக்கு முன்னாடியே மஞ்சள் அட்டை. அதை யாரும் திட்டமா எடுத்து ஆடக்கூடாது. அரைநேரத்துல டோஆனும் மிட்டோமாவும் வந்து, ஸ்பெயின் கீப்பர் உனாய் சிமோன் வரைக்கும் ஏறி அழுத்தினதுல 48-ல ஒண்ணு, 51-ல ஒண்ணு. அதிகபட்சம் ஆறு நிமிஷத்து வேலை, மீதி நேரம் முழுக்கத் தாங்கினது.

நாலு நாள் முன்னாடி கோஸ்டா ரிக்காவுக்கு எதிரா அஞ்சு பேரை மாத்தி இறக்கினார். எதிராளி பின்னாடி உட்கார்ந்துட்டாங்க, பந்து ஜப்பான்கிட்ட, என்ன செய்யறதுன்னு தெரியலை. 81-ல யோஷிதா சரியா கிளியர் பண்ணாத ஒரு பந்து, ஃபுல்லர் கோல், 0-1. பந்து எதிராளிகிட்ட இருந்தா ஜொலிக்கிற கட்டமைப்பு, பந்து நம்மகிட்ட வந்தா முழிக்கும். உங்களுக்கு வர்ற டீம் லாங் பால் டீம்னா, நீங்க விரும்பாமலே பந்து உங்ககிட்டதான் இருக்கும். அப்ப 5-4-1 பயிற்சி மட்டும் பண்ணிட்டுப் போனா கோஸ்டா ரிக்கா ஆட்டத்தைத்தான் திருப்பி ஆடுவீங்க.

2024 ஜனவரி ஆசியக் கோப்பைதான் உங்களுக்கு நெருக்கமான பாடம். ஈராக் 2-1, அய்மன் ஹுசைன் ரெண்டும் தலையால. காலிறுதியில் ஈரான் 2-1, நீளமாத் தூக்கிப் போட்டுப் போட்டு கடைசியில இஞ்சுரி டைம் பெனால்டி. ஐரோப்பாவுல ஆடுற ஆளுங்களை வச்சுக்கிட்டே லாங் பாலைச் சமாளிக்க முடியலை. அப்ப பின்னாடி நாலு பேர். அதுக்கப்புறம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல மூணு சென்டர்பேக்குக்கு வந்து, விங்பேக்ல மிட்டோமா, டோஆன் மாதிரி அசல் விங்கர்களைப் போட்டார். சீனா 7-0, பஹ்ரைன் 5-0, சவுதி 2-0. 2025 மார்ச் 20-ல பஹ்ரைனை மறுபடி 2-0 ஜெயிச்சு, போட்டியை நடத்தும் நாடுகளுக்கு அடுத்து முதல் ஆளா 2026-க்குத் தகுதி. அந்த அக்டோபர்ல 0-2 பின்னாடி இருந்து பிரேசிலை 3-2, வரலாற்றுல முதல் தடவை. இந்த வகைதான் பெட்ரோவிச் காலத்து ஹிரோஷிமாவுக்கு நெருக்கம்.

லாங் பாலுக்கு மூணு சென்டர்பேக் நல்லதுதான், வேலை பிரிச்சா. நடு ஆள் மட்டும் ஹெட்டுக்குப் போகணும். பக்கத்து ரெண்டு பேரும் அவருக்கு 5 மீட்டர் பின்னாடி சாய்வா இறங்கணும். ரெண்டு பிவட்டும் அவருக்கு முன்னாடி 8-லிருந்து 10 மீட்டர்ல, உதிரிப் பந்துக்கு. மூணு பேரும் ஒரே பந்துக்குத் தாவினா மூணு பேர் வச்சதுல பிரயோஜனமே இல்ல. செம்மண்ல இன்னொண்ணு, பந்தை பவுன்ஸ் ஆகவிட்டுட்டு ஹெட் பண்ணலாம்னு நின்னா தலைக்கு மேல போயிடும். முதல் பவுன்ஸுக்கு முன்னாடியே தொடணும்னு விதி வைங்க. சரிவு இருக்கிற டச்லைன் பக்கம் பந்து தானா வெளியே ஓடும், அங்க மெதுவான விங்பேக் சமாளிப்பார். மேட்டுப் பக்கம் வேகமான ஆள். அரைநேரத்துல பக்கம் மாறும்போது ரெண்டு பேரையும் இடம் மாத்திக்கங்க.

விங்பேக் தேர்வு: 30 மீட்டர் ஓட்டம் எட்டு, நடுவுல 25 வினாடி ஓய்வு, ஸ்டாப்வாட்ச்ல எழுதுங்க. கடைசி ஓட்டம் முதலைவிட பத்துல ஒரு பங்குக்கு மேல மெதுவா இருந்தா அவர் 60 நிமிஷ விங்பேக். ஏப்ரல், மே சேலம் வெயில்ல மூன்றரை மணிக்குக் கிக்-ஆஃப் வச்சா நல்ல ஆளும் 60 தான். ஃபிஃபா கூலிங் பிரேக் எல்லை டபிள்யூ.பி.ஜி.டி. 32 டிகிரி, அது சாதாரண வெப்பமானி காட்டற எண் இல்ல, ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த கணக்கு. நடத்தறவங்ககிட்ட முன்னாடியே கேட்டு ரெண்டு பாதியிலயும் ஒரு தண்ணி இடைவேளை வாங்கிக்கங்க. ஜெர்மனி ஆட்டத்துல மொரியாசு ரெண்டு விங்பேக்கையும் மாத்தினதுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்.

ஏற்காட்டுல ஆட வர்றவங்களுக்கு: உயரம் சுமார் 1500 மீட்டர், சேலம் 300-க்குள்ள. அன்னிக்கே ஏறி அன்னிக்கே ஆடினா முதல் இருபது நிமிஷம் மூச்சு வாங்கும். மேல ஏறி அழுத்தறதை ஆட்டம் முழுக்க வைக்காம, கிக்-ஆஃப், அரைநேரம் முடிஞ்சதுன்னு துண்டு துண்டா வைங்க. காத்து அடர்த்தி கம்மி, கோல் கிக்கும் கிராஸும் நினைச்சதைவிடக் கொஞ்சம் நீளமாப் போகும், கீப்பருக்கு வார்ம்-அப்ல இருபது உயரப் பந்து கூடுதலாப் போடுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு, வேன்ல வர்ற பசங்க பாதிப்பேர் வாந்தி. சாப்பாடு ஆட்டத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி கீழேயே முடிச்சு, ரெண்டு மணி நேரம் முன்னாடி மேல வந்து சேருங்க. இட்லி போதும், புரோட்டா வேண்டாம்.

கன்னங்குறிச்சி ஆறு

மூணு பேருக்கும் நன்றிங்க. ரைட் விங்கர் பின்னாடி ஓட மாட்டார்ங்கிறதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரியலை, அதே பிரச்சினைதான். அவரை உள் ஆளா வச்சுட்டு பத்தாம் நம்பரை ரைட் விங்பேக் ஆக்கலாமா? அவர் ஓடுவார், ஆனா ஹெட்டிங் சுத்தமா வராது.

டச்லைன் நோட்டு

தாராளமா. விங்பேக்குக்கு ஹெட்டிங் ரெண்டாம்பட்சம். ஒரே ஒரு சூழ்நிலையில மாட்டுவார்: எதிர்ப்பக்கத்திலிருந்து தூரக் கம்பத்துக்கு வர்ற கிராஸ். அங்க அவர் ஜெயிக்க வேண்டாம், எதிராளி சுதந்திரமாத் தாவாம உடம்பைப் பக்கத்துல வச்சாப் போதும். கோல் கிக் வரும்போது எதிராளி அவர் மேல குறிவச்சுத் தூக்குவாங்க, ரெண்டே தடவையில கண்டுபிடிச்சுடுவாங்க. அந்த நேரத்துக்கு மட்டும் வலது சென்டர்பேக் வெளியே வந்து பந்துக்குப் போகட்டும், இவர் அவருக்குப் பின்னாடி உள்ளே. இதைத் தனியா ஒரு பத்து நிமிஷம் பயிற்சி பண்ணிடுங்க, ஆட்டத்துல சொல்லிப் புரியவைக்க முடியாது.

அஸ்தம்பட்டி பி லைசென்ஸ்

மூணாவது கேள்வியை யாரும் தொடலை. சுருக்கமா.

ஜப்பானும் நம்மளும் ஒரே ஆசியக் கூட்டமைப்புக்குள்ள இருக்கிறதால ஏணி ஒரே மாதிரி. அங்க ஜே லீக் தலைமை கோச்சுக்கு உச்ச நிலை லைசென்ஸ் வேணும், முன்னாடி அதை எஸ் கிளாஸ்னு சொல்வாங்க, இங்க ஐ.எஸ்.எல்.-க்கு ப்ரோ. இங்க டி, சி, பி, ஏ, ப்ரோன்னு மேல போகும். பயிற்சி வகுப்பு அறிவிப்பு அகில இந்திய சம்மேளனம், தமிழ்நாடு கால்பந்து சங்கம் வழியா வரும், மாவட்ட சங்கத்துல கேட்டு வச்சா தேதி முன்கூட்டித் தெரியும். ஒரு நிலை முடிச்சதும் அடுத்ததுக்குத் தாவ முடியாது, நடுவுல நிஜமாவே ஒரு டீமுக்குப் பயிற்சி கொடுத்திருக்கணும். அதனால இப்பவே ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு தாள்: தேதி, நோக்கம், இடத்தின் அளவு மீட்டர்ல, எத்தனைக்கு எத்தனை, எது சரியா வரலை. பின்னாடி எழுதிக்கலாம்னு விட்டவங்க எல்லாம் ஒரே பேனாவுல ஒரே ராத்திரியில எழுதின மாதிரித்தான் கொண்டு வருவாங்க, பார்த்தாலே தெரியும்.

பழைய ஆட்டக்காரங்க நடைமுறைத் தேர்வுல தடுமாறுற காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான். தலைப்பு "பின்னிருந்து பந்தைக் கட்டி ஏறுதல்"னு கொடுத்திருப்பாங்க, இவர் முன்வரிசையில ஃபினிஷிங் தப்பா இருக்குன்னு அதை நிறுத்தித் திருத்துவார். தலைப்புக்கு வெளியில கண்ணுல படறதை விடப் பழகணும். அடுத்தது ஆட்டத்தை நிறுத்தற நேரம். பந்து போய் அஞ்சு பாஸ் கழிச்சு விசில் அடிச்சா யாரும் தப்பு நடந்த இடத்துல இருக்க மாட்டாங்க. நடந்த உடனே நிறுத்து, எல்லாரும் அப்படியே நில்லுங்க, ஒரு ஆளை மட்டும் நகர்த்திக் காட்டு, 20 வினாடியில திரும்ப ஆரம்பி. மூணாவது, இடம். 8-க்கு 8-ஐ 30-க்கு 20 மீட்டர்ல வச்சுட்டு "அகலத்தைப் பயன்படுத்துங்க"ன்னு கத்தினா அகலம் எங்க இருக்கு?

முடிஞ்சா உங்களைவிட நல்ல கோச் ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் உதவியா இருங்க. உதவி கோச் வேலைன்னா கோன் பொறுக்கறதுன்னு நினைக்கறாங்க. செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்) முழுசையும் கேட்டு வாங்கிக்கங்க, அதுல பேர் எடுக்கலாம். மொரியாசுவே 2023-லிருந்து தேசிய அணியில பயிற்சியை எல்லாம் தானே நடத்தலை. தாக்குதல் பக்கம் நானாமி மாதிரி உதவி கோச்சுங்ககிட்டப் பிரிச்சுக் கொடுத்துட்டு, ஆள் தேர்வும் ஆட்ட நேர முடிவும் தன்கிட்ட வச்சுக்கிட்டார்.

ஜங்ஷன் கூலிங்கிளாஸ்

ஜப்பான்ல ஆடிட்டு இங்க வந்து கோச் ஆனவர் ஒருத்தர் இருக்கார், மொரியாசு அளவுக்குத் தூரம் போக வேண்டாம். அராட்டா இஸுமி. அப்பா இந்தியர், பிறந்து வளர்ந்தது ஜப்பான். ஈஸ்ட் பெங்கால், மஹிந்திரா யுனைடெட், புனே எஃப்.சி.ன்னு ஆடி, ஜப்பான் குடியுரிமையை விட்டுட்டு இந்தியக் குடியுரிமை வாங்கி 2013-ல இந்தியாவுக்கு ஆடினார். அதுக்கப்புறம் ரிலையன்ஸ் அறக்கட்டளையோட இளம்வீரர் அகாடமியில கோச். சீனியர் டீமுக்குத் தாவாம சின்னப் பசங்ககிட்ட ஆரம்பிச்சதுல ரெண்டு பேருக்கும் ஒரே வழிதான்.

சூரமங்கலம் ஸ்டாப்பர்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு, மாவட்டப் போட்டிகள்ல நாக்-அவுட்னா நேரா பெனால்டிக்குப் போறது சகஜம்ங்கிறதால சொல்றேன்.

2022 குரோஷியா ஆட்டம் 1-1. ஷூட்-அவுட்டுக்கு யார் அடிக்கறதுன்னு மொரியாசு பேர் குறிக்கலை, முன்வர்றவங்க வாங்கன்னு விட்டுட்டார். முதல்ல கை தூக்கினது மினாமினோ. மினாமினோ, மிட்டோமா, யோஷிதா மூணு பேர் அடியும் குரோஷியா கீப்பர் லிவாகோவிச் கையில, உள்ளே போனது அசானோ ஒருத்தர் அடிச்சது மட்டும். 1-3. வீரர்களை மதிக்கிற முறை அதுன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு ஒப்புதல் இல்லைங்க. 120 நிமிஷம் ஓடின ஆள்கிட்ட அந்த நேரத்துல ஒரு முடிவை எடுக்கச் சொல்றது அவர் மேல கூடுதல் சுமைதான். கோச் எடுத்துட்டா தோத்தாலும் பழி கோச்சோட போகும்.

நீங்க வெள்ளிக்கிழமை செஷன் முடிவுல, ஓட்டம் எல்லாம் முடிஞ்சு கால் கனத்த பிறகு, ஆளுக்கு ரெண்டு பெனால்டி. நடுக்கோட்டிலிருந்து தனியா நடந்து வந்து அடிக்கணும். எந்த மூலைன்னு கிளம்பும்போதே கோச்கிட்ட சொல்லிட்டு வரணும், பாதியில மாத்தினா உள்ளே போனாலும் தவறுன்னு எழுதுங்க. அதுல எட்டு பேர் வரிசை போடுங்க, அஞ்சு இல்ல. ஏன்னா கடைசி விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கிறவங்கதான் அடிக்க முடியும். மேல சொன்ன மாதிரி 60-ல ரெண்டு விங்பேக்கையும் வெளியே எடுத்திருப்பீங்க, அவங்க பேர் பட்டியல்ல முதல் அஞ்சுக்குள்ள இருந்தா அங்கேயே மாட்டிப்பீங்க.